காற்றில் நூற்றுக்கு ஒரு பங்கு இருந்தும் ஆர்கானை 1894 வரை ஏன் யாரும் பார்க்கவில்லை?

கேட்கப்பட்ட கேள்வி இது: "காற்றில் கிட்டத்தட்ட நூற்றுக்கு ஒரு பங்கு ஆர்கான் இருக்கிறது. கரியமில வாயுவைவிட இருபது மடங்குக்கு மேல். கரியமில வாயுவை 18-ம் நூற்றாண்டிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆர்கான் மட்டும் 1894 வரை எப்படித் தப்பியது? அதைக் கண்டுபிடித்தவர் ராம்சே என்கிறார்கள், ரேலி என்கிறார்கள், கேவண்டிஷ் என்றும் சிலர் சொல்கிறார்கள். யார்தான் கண்டுபிடித்தது?"

வேதியியல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சுருக்கமான பதில்: அந்த வாயுவைத் தனியே பிரித்து முதலில் கண்ணால் பார்த்தவர் ஹென்றி கேவண்டிஷ், 1785-ல். ஏதோ ஒன்று இருந்தே ஆகவேண்டும் என்று எடைபோட்டுக் காட்டியவர் ரேலி பிரபு, 1892-ல். அதை ஒரு புதிய தனிமமாகப் பிரித்தெடுத்தவர்கள் ரேலியும் வில்லியம் ராம்சேயும், 1894-ல். அது தப்பியதற்குக் காரணம் கருவிகளின் குறை மட்டும் இல்லை. நைட்ரஜனை வேதியியலாளர்கள் அடையாளம் கண்ட விதத்திலேயே ஓட்டை இருந்தது.

கேவண்டிஷிலிருந்து தொடங்கலாம். லண்டனில் வாழ்ந்த பெரும் செல்வந்தர், ஆட்களோடு பேசவே கூச்சப்படுபவர், அளவெடுப்பதில் அவர் காலத்தில் அவருக்கு இணை கிடையாது. காற்றில் ஆக்ஸிஜன் போக மிஞ்சுவதெல்லாம் ஒரே பொருள்தானா என்று அவருக்குச் சந்தேகம். வளைந்த கண்ணாடிக் குழாயில் காற்றை அடைத்து, கூடுதலாக ஆக்ஸிஜன் சேர்த்து, கையால் சுற்றும் மின் இயந்திரத்தைக்கொண்டு பொறிகளைப் பாய்ச்சினார். பொறி பாயும்போது நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேரும். அந்தச் சேர்மத்தைக் காரக் கரைசல் உறிஞ்சிக்கொள்ளும். வாயு குறையக் குறைய மறுபடி ஆக்ஸிஜன், மறுபடி பொறி. இனிமேல் குறையாது என்ற நிலை வந்ததும் மிச்ச ஆக்ஸிஜனையும் ஒரு கந்தகச் சேர்மத்தால் நீக்கினார். கடைசியில் ஒரு சின்னக் குமிழி மட்டும் நின்றது. எடுத்துக்கொண்ட நைட்ரஜனில் அது 120-ல் ஒரு பங்குக்கு மேல் இராது என்று எழுதிவைத்தார்.

இன்றைய கணக்கில் காற்றின் நைட்ரஜனோடு ஒப்பிட்டால் ஆர்கான் 84-ல் ஒரு பங்கு. 1785-ல், கையால் சுற்றும் இயந்திரத்தோடு, இவ்வளவு அருகில் வந்திருக்கிறார். ஆனால் அவர் கேட்ட கேள்வி "காற்றின் நைட்ரஜன் ஒரே பொருளா?" என்பது. "ஆம், வேறு ஏதாவது இருந்தாலும் 120-ல் ஒரு பங்குக்குள்தான்" என்ற பதிலோடு கட்டுரையை முடித்துவிட்டார். அந்தக் குமிழி என்ன என்று கேட்க அன்று வழியும் இல்லை. எதோடும் சேராத வாயுவை அடையாளம் காண நிறமாலை வேண்டும், அதாவது ஒளிரும் வாயுவின் ஒளியைப் பிரித்தால் தெரியும் வண்ணக் கோடுகள். அந்த முறை பிறக்க இன்னும் முக்கால் நூற்றாண்டு இருந்தது. கட்டுரை அச்சாகி நூலகங்களில் இருந்தது. 109 ஆண்டுகள் பலர் படித்தார்கள். யாரும் அந்தக் குமிழியிடம் நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை என்பதுதான் உங்கள் கேள்வியின் மையம். 19-ம் நூற்றாண்டுச் சோதனைக்கூடத்தில் காற்றிலிருந்து நைட்ரஜன் எப்படிக் கிடைத்தது? ஈரத்தை உறிஞ்சு, கரியமில வாயுவைக் காரத்தில் பிடி, ஆக்ஸிஜனைச் செஞ்சூட்டுச் செம்பின்மேல் செலுத்தி நீக்கு. மிச்சம் நைட்ரஜன். ஆக்ஸிஜனுக்கும் கரியமில வாயுவுக்கும் அவற்றை அடையாளம் காட்டும் வினைகள் உண்டு. நைட்ரஜனுக்கு அன்றாடப் பகுப்பாய்வில் அப்படி ஒன்றும் கிடையாது. எரியாது, எரியவிடாது, கரையாது. எதற்கும் மசியாத மிச்சம் எதுவோ அதுவே நைட்ரஜன். வீட்டுக் கணக்கில் "இதர செலவு" என்று ஒரு வரி எழுதுவோமே, அதற்குள் எது இருந்தாலும் கூட்டுத்தொகை சரியாகவே வரும். ஆர்கான் அந்த வரிக்குள் உட்கார்ந்திருந்தது. வினைகளை வைத்தே பொருள்களைத் தேடிய ஒரு அறிவியலுக்கு, வினையே புரியாத பொருள் கண்ணில் படாது.

ஆகவே அது வெளிவந்தது வினையால் அல்ல, எடையால். அதைச் செய்தவரும் வேதியியலாளர் அல்ல, இயற்பியலாளர்.

ரேலி பிரபுவின் இயற்பெயர் ஜான் வில்லியம் ஸ்ட்ரட். எசெக்ஸ் மாவட்டத்தில் டெர்லிங் என்ற ஊரில் பண்ணை வீடும் அதற்குள் ஒரு சோதனைக்கூடமும் வைத்திருந்தார். 1882 வாக்கில் அவர் எடுத்துக்கொண்ட வேலை மிகச் சலிப்பானது: வாயுக்களின் அடர்த்தியை முன்பு யாரும் அளக்காத துல்லியத்தில் அளப்பது. எல்லா அணு எடைகளும் ஹைட்ரஜனின் முழு மடங்குகள் என்று 1815-ல் பிரௌட் சொன்ன கருத்து உண்மையா என்று பார்க்க நினைத்தார். ஆக்ஸிஜன் சரியாக 16 மடங்கா? பத்தாண்டு உழைப்பில் விடை வந்தது: 15.88. பிரௌட் சொன்னது பொருந்தவில்லை.

அவர் எவ்வளவு கவனமாக வேலை செய்தார் என்பதற்கு ஒரே ஒரு விவரம் சொல்கிறேன். பெரிய கண்ணாடி உருண்டையைக் காலியாக்கி ஒருமுறையும், வாயுவை நிரப்பி ஒருமுறையும் எடைபோடவேண்டும். காலியாக்கும்போது வெளிக்காற்று அழுத்துவதால் உருண்டை மிக நுண்ணிய அளவு சுருங்குகிறது. சுருங்கினால் அது இடம்பெயர்க்கும் காற்றின் எடை குறைகிறது, தராசு பிழையாகக் காட்டுகிறது. அவருக்கு முன்னால் இந்தத் துறையில் சக்கரவர்த்தியாகக் கருதப்பட்ட பிரெஞ்சுக்காரர் ரெனோகூட இந்தத் திருத்தத்தைச் செய்யவில்லை. ரேலி செய்தார். இப்படிப்பட்டவர் கையில்தான் நைட்ரஜன் அகப்பட்டது.

முதலில் அவர் வசதியான ஒரு முறையைக் கையாண்டார். காற்றை அம்மோனியாக் கரைசல் வழியே குமிழவிட்டு, செஞ்சூட்டுச் செம்புக் குழாயில் செலுத்துவது. காற்றின் ஆக்ஸிஜனை அம்மோனியாவின் ஹைட்ரஜன் தின்றுவிடும். கிடைக்கும் நைட்ரஜனில் பெரும்பகுதி காற்றிலிருந்தும், ஒரு சிறுபகுதி அம்மோனியாவிலிருந்தும் வரும். எடைகள் ஒன்றோடொன்று அழகாக ஒத்துப்போயின. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரே முறையை எத்தனை தடவை செய்தாலும் அதிலுள்ள பிழை கூடவே வரும் என்பது அவர் கொள்கை. வேறு வழியிலும் செய்து பார்த்தார். அம்மோனியா இல்லாமல், வெறும் செம்பு. இப்போது வாயு ஆயிரத்தில் ஒரு பங்கு கனமாக இருந்தது.

என்னைக் கேட்டால் இந்த வரலாற்றின் உச்சம் அடுத்து அவர் செய்ததுதான். ஆயிரத்தில் ஒன்று என்றால் சராசரி எடுத்துவிட்டு நகரலாம். அல்லது வித்தியாசத்தைக் குறைக்க வழிதேடலாம். ரேலி அதைப் பெரிதாக்கப் பார்த்தார். காற்றுக்குப் பதில் சுத்த ஆக்ஸிஜனை அம்மோனியா வழியே செலுத்தினார். இப்போது நைட்ரஜன் முழுவதும் அம்மோனியாவிலிருந்தே வருகிறது. வித்தியாசம் ஐந்து மடங்காகி 200-ல் ஒரு பங்கு ஆனது. தற்செயல் பிழை இப்படிச் சொன்ன இடத்தில் சொன்ன அளவுக்கு வளராது. 1892 செப்டம்பரில் "நேச்சர்" இதழுக்கு ஒரு கடிதம் எழுதி, நைட்ரஜனின் அடர்த்தி தன்னைக் குழப்புகிறது, வேதியியல் அறிந்த வாசகர்கள் யாராவது காரணம் சொன்னால் நன்றியுடையவனாவேன் என்று வெளிப்படையாகக் கேட்டார். உருப்படியான பதில் வரவில்லை.

தானே ஒவ்வொரு சந்தேகமாக அடைத்தார். கனமான வாயுவில் ஆக்ஸிஜன் மிஞ்சியிருக்குமோ? இந்த அளவு எடை கூட நூற்றுக்கு மூன்றரைப் பங்கு ஆக்ஸிஜன் வேண்டும், அது எந்தச் சோதனையிலும் மாட்டிவிடும். இலேசான வாயுவில் ஹைட்ரஜன் கலந்திருக்குமோ? வேண்டுமென்றே ஹைட்ரஜனைச் சேர்த்து வழக்கமான முறையில் நீக்கிப் பார்த்தார், எடை மாறவில்லை. இலேசான நைட்ரஜனின் மூலக்கூறுகளில் சில உடைந்து கிடக்கின்றனவோ? அப்படியானால் நாளடைவில் மீண்டும் கூடவேண்டும். எட்டு மாதம் அடைத்துவைத்து எடைபோட்டார். அப்படியே இருந்தது. நைட்ரிக் ஆக்ஸைடு, நைட்ரஸ் ஆக்ஸைடு, அம்மோனியம் நைட்ரைட் என்று வெவ்வேறு சேர்மங்களிலிருந்து நைட்ரஜன் எடுத்தார். காற்றிலிருந்து எடுக்கும்போதும் செம்புக்குப் பதில் இரும்பு, இரும்பு ஹைட்ராக்ஸைடு என்று மாற்றினார். உருண்டை நிறையச் சேர்மத்து நைட்ரஜன் 2.299 கிராம். காற்றின் நைட்ரஜன் 2.310 கிராம். எந்த வழியில் செய்தாலும் இந்த இரண்டு எண்கள்தான், நடுவில் எதுவும் இல்லை. ஒரு தனிமம் மொத்தமும் 11 மில்லிகிராம் வித்தியாசத்தில் ஒளிந்திருந்தது.

1894 ஏப்ரலில் ரேலி இதை ராயல் சொசைட்டியில் வாசித்தபோது கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் ராம்சே. கிளாஸ்கோவில் பிறந்தவர், அப்போது லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் பேராசிரியர். இந்தப் பிரச்சினையை வேதியியல் வழியில் தொடரலாமா என்று ரேலியிடம் அனுமதி கேட்டுக்கொண்டே இறங்கினார். காய்ச்சிய மக்னீசியம் நைட்ரஜனைத் தின்னும் என்பது அவருக்குப் பழகிய விஷயம். காற்றின் நைட்ரஜனைச் செஞ்சூட்டு மக்னீசியத்தின்மேல் முன்னும் பின்னுமாக, நாள்கணக்கில் ஓட்டினார். வாயு குறையக் குறைய அடர்த்தி ஏறியது. ஹைட்ரஜனை ஒன்றாக வைத்தால் நைட்ரஜன் 14. அது 16 ஆயிற்று, 19 ஆயிற்று, 20-ஐ நெருங்கி நின்றது. நிறமாலையில் அதுவரை எந்தப் பொருளிலும் காணாத சிவப்பு, பச்சைக் கோடுகள் தெரிந்தன. அதே மாதங்களில் ரேலி, கேவண்டிஷின் பழைய பொறி முறையையே பெரிய மின்மாற்றியோடு செய்து, அதே வாயுவைத் தானும் சிறிதளவு சேர்த்துவிட்டார். இருவரும் ஒருவருக்கொருவர் கடிதத்தில் சொல்லிக்கொண்டே வந்தார்கள். ஆகஸ்ட் 13 அன்று ஆக்ஸ்போர்டில் நடந்த பிரிட்டிஷ் அசோசியேஷன் கூட்டத்தில் இருவர் பெயரிலும் அறிவித்தார்கள். சோம்பேறி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஆர்கான் என்ற பெயரைச் சொன்னவர் அந்த அமர்வுக்குத் தலைமை தாங்கிய மேடன்.

யாருக்குப் பெருமை என்றால், என் தீர்ப்பு இது: ரேலியின் எடை இல்லாமல் ராம்சே இதைத் தேடியே இருக்கமாட்டார். ராம்சேயின் கை இல்லாமல் அது இவ்வளவு சீக்கிரம் குடுவைக்குள் வந்திருக்காது. 1904-ல் ரேலிக்கு இயற்பியல் நோபலும் ராம்சேவுக்கு வேதியியல் நோபலும் ஒரே ஆண்டில் கொடுத்தது நியாயமான ஏற்பாடு. கேவண்டிஷைக் கண்டுபிடிப்பாளர் என்பது அவருக்கே சம்மதமாக இருந்திருக்காது. அவர் தன் குமிழியை எதுவென்றும் சொல்லவில்லை.

அறிவித்ததும் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்கவேண்டாம். ஆர்கானில் ஒலியின் வேகத்தை அளந்து, அதிலிருந்து இரு தன்வெப்பங்களின் விகிதத்தைக் கணக்கிட்டால் 1.66 வந்தது. நைட்ரஜன், ஆக்ஸிஜன் போன்ற ஈரணு வாயுக்களுக்கு 1.4. ஓரணு வாயுவான பாதரச ஆவிக்குத்தான் 1.66. அப்படியானால் ஆர்கானும் தனித்தனி அணுவாகவே திரிகிறது. ஹைட்ரஜன் ஈரணு வாயு என்பதால் அடர்த்தி 20 என்றால் மூலக்கூறு எடை 40. ஆர்கானில் மூலக்கூறும் அணுவும் ஒன்றே, ஆகவே அணு எடையும் 40. இதுதான் பெரிய தலைவலி. தனிமங்களை அணு எடை வரிசையில் அடுக்கிய மெண்டலீவின் அட்டவணையில் 35.5-ல் குளோரின், 39-ல் பொட்டாசியம், 40-ல் கால்சியம். ஆர்கானுக்கு நாற்காலி இல்லை. மெண்டலீவ் தானே இது புதிய தனிமமாக இராது, மூன்று நைட்ரஜன் அணுக்கள் கூடிய வடிவமாக இருக்கலாம் என்று கருதினார். மூன்று பதினாலு 42, எடையும் கிட்டத்தட்டப் பொருந்துகிறது. லண்டனில் ஜேம்ஸ் டூவரும் இந்தப் பக்கம்தான். எதோடும் சேராத தனிமம் என்பதையும் யாராலும் எளிதில் நம்பமுடியவில்லை. ஃபுளோரினை முதன்முதலில் பிரித்தெடுத்த மொய்ஸானுக்கு ராம்சே கொஞ்சம் ஆர்கானைப் பாரிசுக்கு அனுப்பினார். கண்ணாடியையே அரிக்கும் ஃபுளோரின் ஆர்கானிடம் ஒன்றும் செய்யவில்லை.

ஆர்கானை எதோடாவது சேரவைக்க வழிதேடியபோதுதான் ஹீலியம் கிடைத்தது. யுரேனியக் கனிமங்களை அமிலத்தில் போட்டால் மந்தமான ஒரு வாயு வருகிறது, அதை அமெரிக்காவில் ஹில்பிராண்ட் என்பவர் நைட்ரஜன் என்று எழுதியிருக்கிறார் என்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் மையர்ஸ் ராம்சேவுக்குத் தெரிவித்தார். மறுபடியும் அதே "மிச்சமெல்லாம் நைட்ரஜன்". ராம்சே கிளீவைட் என்ற கனிமத்தை வாங்கி 1895 மார்ச்சில் சோதித்தார். நிறமாலையில் பளிச்சென்று ஒரு மஞ்சள் கோடு, ஆனால் சோடியத்தின் மஞ்சள் கோடுகளிலிருந்து விலகி. க்ரூக்ஸ் அளந்து பார்த்து, சூரியனில் கண்ட கோடு இதுவே என்று உறுதிசெய்தார்.

இங்கே நம்மூரில் அடிக்கடி சொல்லப்படும் ஒன்றைத் திருத்தவேண்டும். 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம் அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூர் வழியாகப் போனது. அங்கு வந்திருந்த பிரெஞ்சுக்காரர் ஜான்சன் அன்றே ஹீலியத்தைக் கண்டுபிடித்தார் என்று போட்டித்தேர்வுப் புத்தகங்கள்கூட எழுதுகின்றன. மஞ்சள் கோட்டை அன்று பலர் பார்த்தார்கள். சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்திலிருந்து பார்த்தார். அது சோடியத்தினுடையது என்ற எண்ணமே பொதுவாக இருந்தது. ஜான்சனின் உண்மையான சாதனை வேறு: சூரிய விளிம்பில் எழும் பிழம்புகளைக் கிரகணம் இல்லாத நாளிலும் நிறமாலைமானியால் பார்க்கலாம் என்று மறுநாளே செய்துகாட்டியது. அந்தக் கோடு சோடியத்தோடு ஒட்டவில்லை என்று பிரித்துப் பார்த்தவர் அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் தனியே அதே முறையைக் கண்ட நார்மன் லாக்யர். ஹீலியம் என்ற பெயர் அவர் பக்கத்திலிருந்து வந்தது. 27 ஆண்டுகள் அது சூரியனில் மட்டும் இருப்பதாகக் கருதப்பட்ட தனிமமாகவே இருந்தது.

அணு எடையில் ஹீலியம் 4, ஆர்கான் 40. இப்போது ராம்சேவுக்கு ஒரு வரிசையே தெரிந்தது. இடையில் 20-ஐ ஒட்டி ஒன்று இருந்தாக வேண்டும். 1897-ல் பிரிட்டிஷ் அசோசியேஷனின் டொரண்டோ கூட்டத்தில் "இன்னும் கண்டுபிடிக்கப்படாத ஒரு வாயு" பற்றியே தலைமையுரை நிகழ்த்தினார். எத்தனையோ கனிமங்கள், விண்கற்கள், வெந்நீர் ஊற்றுகள் என்று தேடி ஒன்றும் கிடைக்கவில்லை. கதவைத் திறந்தது ஒரு இயந்திரம். வில்லியம் ஹாம்ப்சன் காற்றைத் திரவமாக்கும் கருவி ஒன்றைச் செய்திருந்தார். அவர் 1898 மே மாதக் கடைசியில் திரவக் காற்றைக் கொடுத்தனுப்பினார். ராம்சேயும் அவருடைய இளம் உதவியாளர் மாரிஸ் டிராவர்ஸும் அதைக் கொதித்துப் போகவிட்டு, அடியில் மிஞ்சியதைச் சோதித்தார்கள். மே 30 அன்று கிரிப்டான். தேடியது இலேசானதை, கிடைத்தது கனமானது. பிறகு, சேர்த்துவைத்திருந்த ஆர்கானைக் குளிர்வித்து முதலில் கொதிக்கும் பகுதியைப் பிரித்தார்கள். ஜூனில் குழாய் இரத்தச் சிவப்பில் எரிந்தது. நியான். நிறமாலைமானி வைத்துப் பார்க்கும் முன்பே இது புதியது என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. ஜூலை 12-ல், கிரிப்டானின் மிச்சத்திலிருந்து செனான். ஆறு வாரத்தில் மூன்று தனிமங்கள்.

அளவுகளைப் பாருங்கள்: காற்றில் நியான் பத்து லட்சத்தில் 18 பங்கு. கிரிப்டான் பத்து லட்சத்தில் ஏறக்குறைய ஒரு பங்கு. செனான் கோடியில் ஒரு பங்குகூட இல்லை. இதே வேகத்தில் "மெட்ஆர்கான்" என்று நான்காவதாக ஒன்றையும் அறிவித்து, அது கார்பன் கலப்பு என்று தெரிந்ததும் திரும்பப் பெற்றார்கள். வேகத்துக்கு அவர்கள் கொடுத்த விலை அது. இந்தக் குடும்பம் முழுமையாக நின்றதும் மெண்டலீவும் இணங்கினார். 1902 வாக்கில் தன் அட்டவணையில் பூஜ்யத் தொகுதி என்று தனி இடம் கொடுத்தார்.

இதில் நமக்கு உண்மையான ஒரு தொடர்பும் உண்டு. ஜாம்ஷெட்ஜி டாடா ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று அமைக்க முயன்றபோது, இடம் பார்த்து ஆலோசனை சொல்ல 1900-ல் இந்தியா வந்தவர் இதே ராம்சே. பெங்களூரைப் பரிந்துரைத்தார். அங்கு எழுந்த இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இயக்குநராக 1906-ல் வந்து 1914 வரை இருந்தவர், நியான் குழாயின் சிவப்பை ராம்சேயின் பக்கத்திலிருந்து பார்த்த டிராவர்ஸ். பெங்களூர் போகும் வேதியியல் மாணவர்கள் இதைத் தெரிந்துகொண்டு அந்த வளாகத்தைப் பார்க்கவேண்டும் என்பது என் ஆசை.

ராம்சே பிறகு கதிரியக்கத்துக்குப் போனார். 1903-ல் ஃபிரெடரிக் சாடியோடு, ரேடியத்திலிருந்து ஹீலியம் உண்டாவதைக் காட்டினார். ஒரு தனிமத்திலிருந்து இன்னொன்று பிறப்பதை நிறமாலை நேரடியாகக் காட்டிய முதல் சோதனை அது. 1910 வாக்கில் விட்லா கிரேயோடு சேர்ந்து, ரேடியத்திலிருந்து வரும் கதிரியக்க வாயுவான ரேடானை எடைபோட்டார். கையில் இருந்தது ஒரு கன மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்கென்றே தராசு செய்து, ரேடானும் இந்தக் குடும்பத்தில் ஒன்று என்று நிறுவினார்கள். நடுவில் ஒரு பெரிய சறுக்கலும் உண்டு. செம்பை ரேடான் லித்தியமாக மாற்றுகிறது என்று 1907-ல் அறிவித்தார். மேரி கியூரியும் எல்லன் கிளெடிச்சும் பிளாட்டினப் பாத்திரத்தில் திருப்பிச் செய்தபோது லித்தியம் வரவில்லை. வாயுக்களில் அவருக்கு இருந்த கை, நுண்ணளவுக் கலப்பைப் பிடிப்பதில் இல்லை. ரேலியாக இருந்தால் பாத்திரத்தை முதலிலேயே மாற்றியிருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

மற்ற மந்த வாயுக்கள் இவ்வளவு அரிதாக இருக்க ஆர்கான் மட்டும் ஏன் நூற்றுக்கு ஒரு பங்கு என்பதைச் சொல்லாவிட்டால் பதில் பாதிதான். பொட்டாசியத்தில் மிகச் சிறு பங்கு, பொட்டாசியம்-40 (எண் அந்த வகை அணுவின் எடையைக் குறிக்கும்), கதிரியக்கம் உள்ளது. அதன் அரைவாழ்வுக் காலம் 125 கோடி ஆண்டுகள். சிதையும் அணுக்களில் பத்தில் ஒன்று ஆர்கான்-40 ஆகிறது. பூமியின் பாறைகளுக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பிறந்த ஆர்கான் மெல்லக் கசிந்து காற்றில் சேர்ந்தது. கனமானது, விண்வெளிக்குத் தப்பாது. எதோடும் சேராது, திரும்ப மண்ணுக்கும் போகாது. காற்றில் உள்ள ஆர்கானில் 99.6 சதவீதம் இந்த வகைதான். சூரியனில் அப்படி இல்லை. அங்கு ஆர்கான்-36 தான் அதிகம்.

இதுவே 1895-ன் தலைவலிக்கும் விடை. ஆர்கான் பொட்டாசியத்தைவிடக் கனமாக இருந்து அட்டவணையைக் குழப்பியது எதனால்? நாம் அளக்கும் ஆர்கான் பெரும்பாலும் பொட்டாசியம்-40-ன் வாரிசு, நாம் அளக்கும் பொட்டாசியம் பெரும்பாலும் 39. வரிசையைத் தீர்மானிப்பது எடை அல்ல, அணுக்கருவின் மின்னூட்டம் என்று 1913-ல் மோஸ்லி காட்டியதும் ஆர்கான் 18, பொட்டாசியம் 19 என்று சண்டை தீர்ந்தது. ஆர்கான்-40 இல்லாமல், இன்று காற்றில் உள்ள சொற்ப ஆர்கான்-36 மட்டும் இருந்திருந்தால் ரேலியின் தராசு எந்த வித்தியாசமும் காட்டியிருக்காது.

மந்த வாயுக்கள் உண்மையிலேயே மந்தமா என்ற கேள்விக்கு 1962-ல் கனடாவின் வான்கூவரில் பதில் வந்தது. நீல் பார்ட்லெட், பிளாட்டினம் ஹெக்சாஃபுளோரைடு ஆக்ஸிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பிடுங்குவதைக் கண்டிருந்தார். ஆக்ஸிஜனிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க மோலுக்கு 1,165 கிலோஜூல் வேண்டும். செனானிடமிருந்து பிடுங்க 1,170. இரண்டும் ஒன்றுதானே! மார்ச் 23 அன்று செனானையும் அந்தச் சிவப்பு ஆவியையும் கலந்தார். நொடியில் ஆரஞ்சு கலந்த மஞ்சள் திடப்பொருள் படிந்தது. சில மாதங்களில் சிகாகோ அருகே ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் (அந்த ஆய்வகத்தின் பெயருக்கும் வாயுவுக்கும் உறவில்லை) செனானையும் ஃபுளோரினையும் நிக்கல் பாத்திரத்தில் 400 டிகிரிக்குச் சூடாக்கியே டெட்ராஃபுளோரைடைச் செய்துவிட்டார்கள். 1933-லேயே லைனஸ் பாலிங் இப்படிச் சேர்மங்கள் இருக்கலாம் என்று சொல்லியிருந்தார். அவர் தூண்டுதலில் யோஸ்டும் கேயும் முயன்று தோற்றிருந்தார்கள். அதற்குப்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பெரும்பாலோர் முயலவே இல்லை. செனானும் ஃபுளோரினும் கலந்த கண்ணாடிக் குடுவையை வெயிலில் வைத்தாலே டைஃபுளோரைடு படிகங்கள் உண்டாகும் என்பது பிறகு தெரியவந்தது. 1895-ல் மொய்ஸானிடம் ஃபுளோரின் இருந்தது. ராம்சே அனுப்பியது ஆர்கான். அவர்கள் இருவர் கையிலும் அன்று செனான் இல்லை.